எந்த சங்கம்னு கேக்காம ஒரு விசயத்த பேசி முடிக்கிறது எப்படி: தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சம்பளம், காணி, வீடு, தொகைமதிப்புல (சனத்தொகை கணக்கெடுப்புல) என்னா இனம்னு போடுறது, மலைய விட்டு எறங்கி வேற பக்கம் போறதா இல்லையா, திருவிழால யார் முன்னுக்கு நிக்கிறது, வேற சாதியில கல்யாணம். இதுல எத எடுத்தாலும் நம்ம பக்கம், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல, பத்து நிமிசத்துக்கு மேல பேச்சு தாங்காது. ஒண்ணு சத்தம் கூடிரும், இல்லன்னா எல்லாரும் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு எழும்பி போயிருவாங்க, ரெண்டுலயும் விசயம் அப்படியே கெடக்கும். சத்தம் போடுறத விட தலைய ஆட்டிட்டு போறது தான் மோசம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா அவரு ஒத்துக்கிட்டாருன்னு நம்ம நம்பிருவோம்.

"பொறுமையா கேளுங்க, மரியாதையா பேசுங்க"ன்னு பொதுவா சொல்ற புத்தி எல்லாருக்கும் தெரிஞ்சது தான். அது லயத்துக்கு (வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடுங்களுக்கு) பத்தாது. நம்ம ஊருக்குன்னு சில சிக்கல் இருக்கு, அத மொதல்ல பாத்துட்டு அப்பறம் ஒவ்வொரு படியா போவோம்.

நம்ம பக்கம் ஏன் இவ்வளவு கஸ்டம்

ஒருத்தர் வாய தொறந்தா அவரு என்னா சொல்றாருன்னு கேக்குறதுக்கு முன்னாடியே அவரு எந்த தொழிற்சங்கம்னு நம்ம மனசுல ஓடிரும். நம்ம குணம் கெட்டுப்போய் இப்படி ஆகல. சங்க சந்தா சம்பளத்துலயே வெட்டுப்படுது, அதனால யார் எந்த சங்கம்ங்கிறது ஆபீஸ்ல இருந்து பிள்ளைக்காம்பரா (கொழந்தைங்கள பாத்துக்குற எடம்) வரைக்கும் தெரிஞ்ச கத. கூரைக்கு தகரம் வந்தாலும், பைப் லைன் இழுத்தாலும், புது வீட்டுக்கு பேர் எழுதினாலும் பல தோட்டத்துல அது சங்கத் தலைவர் ஊடாத்தான் வரும். அப்போ ஒருத்தர் "எனக்கு வேற மாதிரி தோணுது"ன்னு சொன்னா அது வெறும் கருத்தா இருக்காது, அவரு தகரத்த பணயம் வெச்சு பேசுறாரு.

ரெண்டாவது காரணம் பழசு. 1947 தேர்தல்ல ஜெயிச்சு நம்ம ஆளுங்க பாராளுமன்றம் போனாங்க, 1948ல பிரஜாவுரிமை சட்டம் வந்து நம்ம சனத்துக்கு பிரஜாவுரிமை இல்லாம போச்சு, ஓட்டும் போச்சு, 1952 தேர்தல்ல நம்ம ஓட்டுல ஜெயிச்ச ஆள்னு ஒருத்தர் இல்ல. அப்பறம் 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேர் கணக்கு பெறகு பாப்போம்னு விட்டு 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. இதுல எந்த எடத்துலயும் லயத்துல இருந்தவங்ககிட்ட நீங்க என்னா சொல்றீங்கன்னு யாரும் கேக்கல. மிச்சம் இருந்தவங்க பிரச்சினைய முடிக்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டி இருந்துச்சு. இப்படி வந்த சனத்துக்கு ஒத்துமைங்கிறது உசுரு மாதிரி ஆயிருச்சு, அதனால மாத்தி பேசுறவன பாத்தா "காட்டிக் குடுக்குறவன்"னு தோணுது. அந்த பயம் பொய் இல்ல. ஆனா அதே பயத்த காட்டி வாய மூட வெக்கிறவங்களும் இருக்காங்க, இது ரெண்டையும் பிரிச்சு பாக்க தெரியணும்.

மூணாவது ரொம்ப லேசான காரணம், ஒரே செவரு. போன்ல ஒருத்தர ப்ளாக் பண்ணலாம், பக்கத்து காம்பராவ ப்ளாக் பண்ண ஏலாது. நாளைக்கு காலையில அதே பைப்படியில தான் நிக்கணும், அவுங்க வீட்டு சாவுக்கு நம்ம தான் மொதல்ல ஓடணும்.

மொதப்படி: எடமும் நேரமும்

தேர்தலுக்கு முந்தின ஒரு மாசம் எதையும் பேசி புரிய வெக்க பாக்காதீங்க, வேஸ்ட். சாவு வீட்டுல வேணாம், சாராயம் உள்ள எடத்துல வேணவே வேணாம். திருவிழா கமிட்டி கூட்டத்துல புதுசா ஒரு விசயத்த தூக்கி போட்டா, அங்க இருக்குற ஒவ்வொருத்தரும் மத்தவங்க பாக்குறாங்கன்னு தான் பேசுவாங்க. பத்து பேர் முன்னாடி யாரும் மனச மாத்த மாட்டாங்க, மாத்தினா அது தோல்வி.

நல்ல எடம்னா ரெண்டு பேர் நடக்குற ரோடு. டிவிசன்ல இருந்து பஸ்ஸுக்கு எறங்குற அரை மணி நேரம், ஹட்டனுக்கு போற பஸ்ல பக்கத்து சீட்டு, மரக்கறி தோட்டத்துல தண்ணி ஊத்துற நேரம். மூஞ்சிய பாத்துக்கிட்டு ஒக்காந்து பேசுறப்ப வர்ற வீம்பு நடந்துக்கிட்டு பேசுறப்ப வராது. ரோடு முடிஞ்சா பேச்சும் தானா முடியும், யாரும் தோத்துட்டு எழும்பி போன மாதிரி இருக்காது.

ரெண்டாவது படி: கேள்விய ஒடைக்கிறது

நான் பாத்த வரைக்கும் இந்த ஒரு படிய ஒழுங்கா செஞ்சாலே சண்டையில பாதி கொறையும். அதனால இத நீட்டித்தான் எழுதப் போறேன், சம்பளத்தையே எடுத்துக்குவோம்.

2025 நவம்பர்ல வாசிச்ச வரவு செலவுத் திட்டத்துல தோட்டச் சம்பளம் பத்தி வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே ஒருத்தர் "1,750 ஆக்கிட்டாங்க"ங்கிறாரு, இன்னொருத்தர் "பொய், 1,550 தான்"ங்கிறாரு, மூணாவது ஆளு "கம்பெனிக்காரன் ஒரு சதம் கூட்டல, கவுருமெண்டு தான் குடுக்குது"ங்கிறாரு. மூணு பேரும் மூணு கட்சி, மூணு பேரும் மத்தவன் புளுகுறான்னு நெனைக்கிறாங்க. அறிவிப்பு என்னான்னா, 1,350ஆ இருந்த நாட்சம்பளம் 1,550 ஆகும், அதுக்கு மேல வேலைக்கு வர்ற நாளுக்கு 200 ரூபா ஊக்கக் காசு அரசாங்கம் குடுக்கும், கூட்டினா 1,750. மொத ஆள் மொத்தத்த சொல்றாரு, ரெண்டாவது ஆள் அடிப்படைய சொல்றாரு, அவுங்க ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. மூணாவது ஆள் சொல்றதுல பாதி சரி, ஊக்கக் காசு 200 விசயத்துல சரி, 1,550 விசயத்துல இல்ல, அது கம்பெனி குடுக்க வேண்டியது.

இது புதுசா வந்த கொழப்பமும் இல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்துல 730 ரூபான்னு சொன்னாங்க, அதுல அடிப்படை 500 தான், வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, வெலைப் பங்கு 30. 2019ல அடிப்படை 700, மேல 50. 2021ல சம்பள நிர்ணய சபை கெசட்ல வந்த 1,000 ரூபாயும் 900த்தோட 100 சேத்தது. 2024ல மே மாசம் 1,700ன்னு கெசட் வந்துச்சு, கம்பெனிங்க கோர்ட்டுக்கு போனாங்க, அதே வருசம் செப்டம்பர்ல 1,350ன்னு வேற கெசட் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மேடையில ஒரு நம்பர், சம்பளச் சீட்டுல வேற நம்பர், அதனால சனத்துக்கு நம்பரே பிடிக்காம போச்சு.

அதனால "சம்பளம் கூடிச்சா இல்லையா"ன்னு ஒரே கேள்வியா பேசாதீங்க. சின்னச் சின்னதா ஒடச்சு வைங்க. அடிப்படை எவ்வளவு? மேல வர்றது எதுக்காக வருது, எந்த நாளுக்கு வராம போகும்? ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எந்த தொகைக்கு பிடிக்கிறாங்க? (தொழிலாளிகிட்ட 8 வீதம், கம்பெனி 12 வீதம், ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, தனியா 3 வீதம். 1,550க்கு 8 வீதம்னா நாளைக்கு 124 ரூபா கையில வராது, ஆனா காணாம போகவும் இல்ல.) பேருக்கு (ஒரு முழு நாள் சம்பளம் விழ) எத்தன கிலோ கொழுந்து கேக்குறாங்க, போன வருசம் எத்தன கேட்டாங்க? கிலோ கொறஞ்சா அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்) போடுறாங்களா? மாசத்துக்கு எத்தன நாள் வேலை குடுக்குறாங்க? தண்ணிக்கும் சாக்குக்கும்னு தராசுல எவ்வளவு கழிக்கிறாங்க?

இப்படி ஒடச்சீங்கன்னா ஒரு வேடிக்கை நடக்கும். ஒருத்தருக்கொருத்தர் எதிரா கத்துன ரெண்டு பேரும் பேர் கிலோ விசயத்துல ஒரே பக்கம் நிப்பாங்க. ஒரு நாள் இப்படித்தான் பஸ்ல:

"அண்ணே, நீங்க 1,750ங்கிறீங்க, சரி. உங்க வீட்டு அக்காவுக்கு பேருக்கு எத்தன கிலோ இப்ப?"

"அது தான் ஏத்திட்டானே தம்பி. முந்தி விட ரெண்டு கிலோ கூட."

"அப்போ இவரு சொல்றதும் அது தானே, கூட்டுற மாதிரி கூட்டி மத்த கையால எடுக்குறாங்கன்னு."

"அவரு அத சொன்னா நான் ஏன் மறுக்கிறேன், அவரு எங்க தலைவர திட்டுறாரு, அதுக்குத்தான்."

விசயம் வெளிய வந்துருச்சு பாருங்க. சண்டை சம்பளத்துல இல்ல, தலைவர் மரியாதையில. அத தனியா பேசலாம், பேசாமயும் விடலாம், ஆனா சம்பளத்தோட போட்டு கொழப்ப வேண்டிய அவசியம் இல்ல.

ஒடைக்கிறப்ப இன்னொண்ணும் செய்யுங்க, எது பாத்து தீக்கக்கூடிய கேள்வி, எது தீக்க முடியாத கேள்வின்னு பிரிங்க. கிலோ, வீதம், தேதி எல்லாம் சீட்ட எடுத்து பாத்தா தெரியும், அதுக்கு கத்தக்கூடாது. "கம்பெனி முறையே வேணாம், தேயிலைய துண்டு பிரிச்சு நம்ம கையில தரணும்"ங்கிறது வேற மாதிரி கேள்வி, அதுல யாருக்கு என்னா பயம், யாருக்கு என்னா ஆசைன்னு தான் பேச முடியும், சீட்ட காட்டி முடிக்க ஏலாது.

மூணாவது படி: "ஏன் அப்படி நெனைக்கிறீங்க"ன்னு கேக்காதீங்க

"ஏன்"னு கேட்டா ஆளு வக்கீல் மாதிரி காரணம் அடுக்க ஆரம்பிச்சிருவாரு. "உங்களுக்கு என்னா நடந்துச்சு"ன்னு கேளுங்க, இல்லன்னா "இத மொதல்ல எப்போ யோசிச்சீங்க"ன்னு கேளுங்க.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மலை சரிஞ்சு போன பெறகு இந்த பேச்சு எல்லா எடத்துலயும் இருக்கு, நம்ம சனம் மலையிலயே இருக்குறதா, வன்னி பக்கம் கெழக்கு பக்கம் போறதா. வாலிபப் பசங்க "அங்க காணி இருக்கு, பாஷை இருக்கு, போவோம்"ங்கிறாங்க, ஒரு வயசான மாமா அந்த பேச்ச எடுத்தாலே எழும்பி போறாரு. அவர கோழைன்னோ தோட்டத்துக்கு அடிமைன்னோ சொல்லி முடிச்சிரலாம், சுலபம். கேட்டா தான் தெரியும், 1977 கலவரத்துல தொரத்துப்பட்டு வவுனியா பக்கம் போனது அவுங்க பெரியப்பா குடும்பம், 83 கலவரத்துக்கு பெறகு இன்னும் கொஞ்சப் பேர் போனாங்க, அங்க யுத்தம், எடம் மாறி எடம் மாறி ஓடி, இன்னைக்கும் சில பேருக்கு இருக்குற காணிக்கு உறுதிப் பத்திரம் இல்ல. அவரு பாக்குறது மேப் இல்ல, அவரு பாக்குறது சொந்தக்காரன.

அதே மாதிரி "போகணும்"ங்கிற பையனையும் கேக்கணும். பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல 2014 அக்டோபர் 29ஆம் தேதி லயம் மண்ணுக்குள்ள போச்சு. அந்த எடம் ஆபத்துன்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் சொல்லி இருந்துச்சு. "எச்சரிக்கை குடுத்தாங்களே, ஏன் எழும்பி போகல"ன்னு டவுன்ல இருக்குறவங்க லேசா கேப்பாங்க. எங்க போறது, யார் காணியில கொட்டில் போடுறது, அடுத்த நாள் பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூட்டுறதுக்கு) எங்க இருந்து வர்றது, இதுக்கு பதில் இல்லாம எழும்பிப் போ எழும்பிப் போன்னு சொல்றது எச்சரிக்கை இல்ல. இந்த பையன் அத பாத்து வளந்தவன், சிவப்பு எச்சரிக்கை வந்தா ராத்திரி முழுக்க முழிச்சு இருக்குறவன். மாமாவுக்கும் அவனுக்கும் ஒரே பயம் தான், காணி இல்லாத பயம், ஒருத்தரு ஒரு பக்கத்துல இருந்து பாக்குறாரு இவன் மத்த பக்கத்துல இருந்து பாக்குறான். இத அவுங்ககிட்ட சொல்லிக் காட்டாதீங்க, ரெண்டு பேரும் ஒருத்தர் கதைய ஒருத்தர் கேக்குற மாதிரி மட்டும் செஞ்சு விடுங்க.

கதை கேக்குறப்ப ஊடால "எனக்கும் அப்படித்தான்"னு உங்க கதைய சொருகாதீங்க. இது நம்ம ஊரு வியாதி.

நாலாவது படி: அவரு பக்கத்த நீங்க பாடுங்க

காமன் பண்டிகைக்கு தஞ்சாவூர் பக்கம் லாவணி பாடுவாங்க, எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு. காமன் எரிஞ்சானா இல்லையான்னு விடிய விடிய பாட்டுலயே வாதம். நம்ம பாட்டன் பூட்டன் கெளம்பி வந்த ஊருங்க தான் அதெல்லாம், மாசி பங்குனியில காமன் கூத்து இன்னமும் நம்ம தோட்டங்கள்ல நடக்குது. நல்ல லாவணிக்காரன் எதிர்க்கட்சி என்னா பாடும்னு மனசுல வெச்சுக்கிட்டு தான் மேடை ஏறுவான், எந்த கட்சிய குடுத்தாலும் பாடுவான்.

பேச்சுலயும் இத செய்யலாம். அவரு சொன்னத நீங்க திருப்பி சொல்லுங்க, அவரு சொன்னத விட நல்லா சொல்லுங்க. "மாமா, நீங்க சொல்றது எனக்கு வெளங்கின மாதிரி சொல்றேன், தப்புன்னா திருத்துங்க"ன்னு ஆரம்பிச்சு சொல்லி முடிங்க, அவரு "ஆமா, அதத்தான் சொல்றேன்"னு சொல்ற வரைக்கும் உங்க கருத்த எடுக்காதீங்க. சில நேரம் அவரு "அப்படி இல்லப்பா, நான் சொல்ல வந்தது..."ன்னு இன்னும் சரியா சொல்லுவாரு, அப்போ தான் இது வரைக்கும் நீங்க இல்லாத ஒருத்தரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தது தெரியும்.

தொகைமதிப்பு விசயத்துல இது நல்லா வேலை செய்யும். "மலையகத் தமிழர்னு போடணும்"ங்கிறவங்க, "இந்திய வம்சாவளின்னு இருக்கட்டும்"ங்கிறவங்க, "பேசாம இலங்கைத் தமிழர்னு போட்டுருவோம்"ங்கிறவங்க, மூணு வகை இருக்கு. 2012 கணக்குல இந்தியத் தமிழர்னு பதிஞ்சது சுமார் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர், சனத்தொகையில 4.1 வீதம். எண்ணிக்கை கொறஞ்சா பாராளுமன்ற சீட்டும் திட்டமும் கொறையும்ங்கிறது ஒரு பக்கத்து கவலை. பிள்ளை கொழும்புல வேலை தேடுறப்ப தோட்டத்து ஆள்னு எளக்காரமா பாக்கக்கூடாதுங்கிறது இன்னொரு பக்கத்து கவலை. நம்ம சனம் இங்க வந்து 200 வருசமானத நெனச்சு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்த ஆளுங்களுக்கு இது அந்த 200 வருசத்து கணக்கு. எந்த கவலையையும் வெக்கக்கேடுன்னு சொல்ல முடியாது, இருந்தாலும் என்கிட்ட கேட்டா மலையகம்னு தான் போடணும், அத சொல்றதுல எனக்கு ஒளிவு மறைவு இல்ல. சமாதானமா பேசுறதுன்னா சொந்தக் கருத்தே இல்லாத மாதிரி நடிக்கணும்னு எவனும் சொல்லல.

அஞ்சாவது படி: யார் இங்க இல்லைன்னு பாருங்க

சம்பளம் பத்தி கோயிலடியில ஆறு மணிக்கு கூட்டம் போடுறாங்க. வந்திருக்குறவங்கள்ல பாதிப் பேர் கொழும்புல கடையில வேலை செஞ்சு லீவுக்கு வந்தவங்க, கொஞ்சப் பேர் ஆட்டோ ஓட்டுறவங்க. கொழுந்து எடுக்குறது பெரும்பாலும் பொம்பளைங்க, அவுங்க அந்த நேரம் அடுப்படியில. தராசுல என்னா நடக்குது, எந்த மலையில கொழுந்து இல்லாம அரைப்பேர் விழுதுன்னு தெரிஞ்ச ஆளுங்களே இல்லாம ஆம்பளைங்க ரெண்டு கோஷ்டியா நின்னு கத்துறோம். இத எத்தன பேச்சுவார்த்தை வந்தாலும் மாத்த மாட்டேங்கிறாங்க.

கூட்டத்த மாத்த முடியலன்னா நீங்க நேரத்த மாத்துங்க. கொழுந்து நிறுக்குற எடத்துல காத்திருக்குற நேரம், ஞாயித்துக்கெழமை துணி தொவைக்கிற எடம், அங்க அக்காமாருங்க பேசுறத கேளுங்க, கேக்க மட்டும் போங்க. "அக்கா நீங்க கூட்டத்துல வந்து சொல்லுங்க"ன்னு ஒடனே இழுக்காதீங்க. அவுங்க அண்ணனோ புருசனோ தலைவரா இருப்பாரு, அது எல்லாத்தையும் யோசிச்சுத்தான் அவுங்க சும்மா இருக்காங்க.

ஆறாவது: பெரியவங்களோட பேசுறது

கெம்பஸ் போய் வந்த பிள்ளைங்களுக்கு இது முக்கியம். "நீங்க சொல்றது சரி மாமா, ஆனா..."ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த "ஆனா" வந்த ஒடனே முன்னுக்கு சொன்ன "சரி" செத்துருச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு பதிலா "எனக்கு ஒண்ணு வெளங்கல மாமா, கேக்கவா?"ன்னு கேளுங்க. உண்மையிலயே வெளங்காததா பாத்து கேளுங்க, மடக்குறதுக்கு கேக்குற கேள்விய பெரியவங்க ஒரே நொடியில கண்டுபிடிச்சிருவாங்க, "படிச்ச திமிரு"ன்னு ஒரே வார்த்தையில கதைய முடிச்சிருவாங்க.

சட்டம், ஆண்டு, வீதம்னு அடுக்காதீங்க (நான் இங்க அடுக்குறேன், இது எழுத்து, வேற). ஒரு நேரத்துக்கு ஒண்ணு போதும். பெரியவரு சங்கத்தால வீடு கெடச்சவரா இருந்தா, அந்த நன்றிய கிண்டல் பண்ணாதீங்க. முப்பது வருசம் முந்தி அவரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்கு லொறி குடுத்தது அந்த தலைவர் தான், அவரு கணக்குல அது பெருசு.

பெரியவங்களுக்கும் ஒண்ணு: பிள்ளை மாத்தி பேசினா "உன்ன இதுக்கா படிக்க வெச்சோம்"னு கேக்காதீங்க. இதுக்குத்தான் படிக்க வெச்சது.

ஏழாவது: கிராமத்து ஆளோட காணி பேச்சு

பக்கத்து சிங்கள கிராமத்து ஆளோட காணி பத்தி பேச வேண்டி வந்தா, நம்ம கதையில இருந்து ஆரம்பிக்காதீங்க. அவரு பக்கத்து கதை 1840ல ஆரம்பிக்குது, தரிசு காணி எல்லாம் பிரிட்டிஷ் முடிக்கு சொந்தம்னு வெள்ளக்காரன் சட்டம் போட்டு, கண்டிப் பக்கத்து சனம் சேனை (காட்ட வெட்டிச் செய்யுற பயிர்) போட்ட காடு கோப்பித் தோட்டமா போச்சு. "எங்க காணிய எடுத்து உங்கள கொண்டாந்து வெச்சாங்க"ன்னு அவரு சொல்றதுல மொதப் பாதி உண்மை. நம்ம ஆளுங்க அத எடுக்கல, எடுத்தவன்கிட்ட கூலிக்கு வந்தாங்க, அதுவும் உண்மை. 1970கள்ல காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டத்த பிரிச்சப்ப நம்ம ஆளுங்க ரோட்டுக்கு வந்தாங்க, பட்டினியில செத்தாங்க, 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல காணிய பிரிக்கக்கூடாதுன்னு நின்ன எடத்துல தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூடுபட்டு செத்தாரு.

இந்த ரெண்டு கதையையும் ஒரே பேச்சுல வெக்கிறது லேசு இல்ல, ஒருத்தர் கதை மத்தவருக்கு குத்தம் சொல்ற மாதிரியே கேக்கும். மொதல்ல அவரு கதைய முழுசா கேட்டுட்டு, அவரு தாத்தா எந்த பக்கம் சேனை போட்டாருன்னு எடம் கேளுங்க. எடப்பேர் வந்தா பேச்சு தரைக்கு எறங்கிரும். அப்பறம் உங்க தாத்தா எத்தனாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டுனாருன்னு சொல்லுங்க. சிங்களத்துல பேசுறீங்கன்னா தெரிஞ்ச சொல்லுல மெதுவா பேசுங்க, தெரியாத எடத்துல ஆள வெச்சு பேசுங்க, அரைகுறையா வெளங்கி வந்த கோவம் நெறைய பாத்தாச்சு.

எட்டாவது: எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் இல்ல

சாதி விசயத்துல "அவுங்க பக்கமும் கேப்போம்"ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். ஒருத்தன கோயிலுக்குள்ள விடுறதா வேணாமா, சப்பரம் தூக்க விடுறதா வேணாமான்னு அவன பக்கத்துல வெச்சுக்கிட்டே நிதானமா விவாதம் பண்றது நிதானம் இல்ல, அசிங்கம். 1957லயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து, சாதி சொல்லி கோயில்ல தடுத்தா குத்தம்னு ஆகிருச்சு. "எங்க தோட்டத்துல சாதி எல்லாம் இல்லப்பா"ன்னு சொல்றது யாருன்னு பாருங்க, எப்பவும் மேல இருக்குற வீடு தான் சொல்லும்.

ஆனா இங்கயும் பேச வேண்டிய ஒரு எடம் இருக்கு. மகள் வேற சாதி பையன கட்டப் போறான்னு ஒடஞ்சு போய் இருக்குற அம்மாகிட்ட சட்டம் பேசி பிரயோசனம் இல்ல. அவுங்களுக்கு சாதிய விட, நாளைக்கு அண்ணன் தம்பி வீட்டு விசேசத்துக்கு யாரும் கூப்பிட மாட்டாங்களேங்கிறது தான் பெரிய பயமா இருக்கும். "அத்த, யார் வராம போவாங்கன்னு பயப்படுறீங்க, பேர் சொல்லுங்க"ன்னு கேட்டா ரெண்டு மூணு பேர் தான் வரும். அந்த ரெண்டு மூணு பேர்கிட்ட போய் பேசலாம். கொள்கை அப்படியே இருக்கும், நம்ம எறங்கி வர்றது ஆள்கிட்ட மட்டும்.

ஒம்பதாவது: போன்

குரூப்ல இந்த விசயம் எதையும் பேசி தீக்க முடியாது, முயற்சி பண்ணாதீங்க. கட்டார்ல இருக்குற மச்சான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏழு நிமிச வாய்ஸ் போடுவாரு, காலையில அத கேட்டவங்க கேக்காதவங்க எல்லாம் பதில் போடுவாங்க. தமிழ்நாட்டுல கோத்தகிரி பக்கம் இருக்குற சொந்தம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல போய் அரசாங்க டான்டீ தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க பிள்ளைங்க, "இன்னமும் ஏன் அங்க கெடக்குறீங்க"ன்னு கேக்கும், இங்க இருந்து ஒருத்தர் "நீங்க மட்டும் என்னா மாளிகையிலயா"ன்னு திருப்பிக் குடுப்பாரு. ஒருத்தர் எழுதுனது உங்கள சுட்டா குரூப்ல பதில் போடாம அவருக்கு நேரா கோல் எடுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற குரூப்புக்கு அனுப்புற ஆளுங்க இருக்குற எடத்துல எதையும் எழுதவே எழுதாதீங்க.

கடைசிப் படி: நிப்பாட்டுறதும், வெளிய சொல்லாம இருக்குறதும்

அவரு சொன்னதையே மூணாவது தடவை சொல்றாருன்னா, இல்ல நீங்க சொல்றீங்கன்னா, பேச்சு முடிஞ்சுருச்சு. "சரி மாமா, நான் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க"ன்னு சொல்லிட்டு வேற கதைக்கு போங்க. பாத்து தீக்கக்கூடிய கேள்வி ஏதும் மிச்சம் இருந்தா அதுக்கு மட்டும் ஒரு நாள் வைங்க, சம்பளம் போட்ட பெறகு ரெண்டு பேரும் சீட்ட கொண்டாந்து பாப்போம்னு. மத்தது தீராம கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது.

முடிஞ்ச பெறகு தான் பெரிய வேலை. அவரு உங்கள நம்பி தலைவர பத்தி, கமிட்டி காசு பத்தி, அவரு மகன் வேற கட்சிக்கு ஓட்டு போட்டத பத்தி சொல்லி இருப்பாரு. அத நல்ல எண்ணத்துல கூட வேற ஆள்கிட்ட அவரு பேர் போட்டு சொல்லாதீங்க. "அவரே சொல்றாரு, உங்க சங்கத்து ஆளே சொல்றாரு"ன்னு அடுத்த வாதத்துக்கு அவர ஆயுதமா தூக்குனீங்கன்னா அது ரெண்டு நாள்ல தலைவர் காதுக்கு போகும், அடுத்த தடவை தகரம் வர்றப்ப லிஸ்ட்ல அவரு பேர் இருக்காது, அதுக்கு பெறகு அவரு உங்ககிட்ட மழை பத்தி மட்டும் தான் பேசுவாரு. யாராவது வந்து "என்னா, நேத்து ரெண்டு பேரும் நடந்து போறப்ப அவரு என்னா சொன்னாரு"ன்னு நோண்டுனா, "அவரு வீட்டுல தான் இருக்காரு, போய் கேளுங்க"ன்னு சொல்லிருங்க.